பனியும் பரியும்

முப்பதாண்டு காலம் பாடசாலையிலே தமிழ் கற்பித்தவன் நான். நரியைப் பரியாக்கிய திருவிளையாடலை எத்தனை வகுப்புகளுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. வாதவூரர் பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பொன்னோடு புறப்பட்டதையும், அப்பொன் பெருந்துறையிலே திருப்பணியாக மாறியதையும், மதுரை வீதியில் வந்து நின்ற குதிரைகளின் நடையழகையும் நாவினிக்க வருணித்திருக்கிறேன். ஆயினும் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். எழுபது வயது கடக்கும்வரை உயிருள்ள குதிரையொன்றை நான் தொட்டறிந்தவனல்லன். அந்தக் குறை சென்ற மார்கழியில் இங்கிலாந்து நாட்டிலே தீர்ந்தது.

என் மகள் நோர்போக் மாகாணத்தில் ஒரு மருத்துவமனையிலே தாதியாகப் பணிபுரிகிறாள். நோரிச் நகருக்குக் கிழக்கே, வயல்களும் நீரோடைகளும் சூழ்ந்த ஒரு சிற்றூரில் அவள் குடும்பம் வாழ்கிறது. நத்தாருக்கும் புத்தாண்டுக்குமாகச் சேர்த்து அங்குள்ள பாடசாலைகளுக்கு இரண்டு வாரம் விடுமுறை. அவ்விரு வாரங்களையும் பேரப்பிள்ளையோடு கழிக்கலாம் என்ற ஆசையோடு நான் போய்ச் சேர்ந்தேன். பதினைந்து வயதுப் பேர்த்தி நாட்டியம், நத்தார்மரம், நகர்வலம் என்று ஏதேனும் திட்டம் வைத்திருப்பாள் என எண்ணினேன். அவளோ விமான நிலையத்திலிருந்து வரும் வழியிலேயே, “அம்மப்பா, நாளைக்கு விடிய ஆறு மணிக்கு எழும்புவீங்களோ? டேசிக்குச் சாப்பாடு குடுக்க வேணும்,” என்றாள். அவ்வீட்டிலே விடுமுறை முழுவதும் ஒரு குதிரையின் வயிற்றைச் சுற்றியே சுழன்றது என்பதை மறுநாளே கண்டுகொண்டேன்.

டேசி என்பது ஒரு பெண்குதிரை. வெண்மையும் கபிலமும் கலந்த நிறம். கால்களின் அடியில் அடர்ந்து தொங்கும் மயிர். குதிரையின் உயரத்தை ஆங்கிலேயர் தோளின் மேட்டுவரை ‘கை’ எனும் அளவால் அளப்பர். ஒரு கை என்பது 4 அங்குலம். டேசி 14 கை உயரமுடையது. இன்று பார்ப்பவர் அதன் திரண்ட முதுகைத் தட்டிக்கொடுக்கத் துடிப்பர். ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதத்திலே, பிறர் காணியொன்றில், சேற்றின் நடுவே, விலா எலும்புகளை எண்ணக்கூடிய நிலையில் அது கண்டெடுக்கப்பட்டதாம். அதனருகிலே இன்னொரு குதிரை இறந்து கிடந்ததாம்.

இங்கிலாந்து செல்வநாடு, அங்கே குதிரைக்கும் பசியா என்று கேட்கத் தோன்றும். 2008ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் அந்நாட்டிலே குதிரையின் விலை சரிந்தது. தீனியின் விலையோ ஏறியது. விற்கவும் இயலாது, வளர்க்கவும் இயலாது தவித்தோர் பலர் தம் குதிரைகளைப் பிறர் வயல்களிலும் வீதியோரங்களிலும் இரவோடிரவாக விட்டுச் சென்றனர். இந்தக் கொடுமை பெருகவே 2015ஆம் ஆண்டிலே தனிச் சட்டமொன்று இயற்றப்பட்டது. கைவிடப்பட்ட குதிரையைப் பிடித்து வைத்து நான்கு நாட்களுக்குள் உரிமையாளர் வந்து கோராவிடில், அதற்கு வேறு வழி செய்யலாம் என்பது அச்சட்டம். குதிரையின் கழுத்திலே அரிசிமணி போன்ற நுண்கருவியொன்றைப் பொருத்தி, அதிலுள்ள எண்ணால் உரிமையாளரை அறியும் ஏற்பாடு 2020 ஒக்டோபர் முதல் இங்கிலாந்திலுள்ள எல்லாக் குதிரைகளுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. டேசியின் கழுத்திலே அத்தகைய கருவி எதுவும் இருக்கவில்லை. யாருடையது என்று சொல்ல உலகில் ஒருவருமில்லை.

அதனைக் காப்பாற்றிய தருமத்தாபனத்தார் முதலில் செய்ததைக் கேட்டு நான் வியந்தேன். பட்டினி கிடந்த பிராணிக்கு வயிறாரத் தானியம் வைப்பதே கருணை என்று நாம் நினைப்போம். அதுவே அதற்கு எமனாகுமாம். நெடுநாள் உணவின்றி உடல் தன் தசையையே தின்று வாழப் பழகியபின், திடீரென மாச்சத்து மிக்க உணவு உட்புகுந்தால், குருதியிலுள்ள உப்புச் சத்துக்கள் நிலைகுலைந்து இதயம் தளரும். சில நாட்களிலேயே உயிர் போகும். 1945இலே சிறைமுகாம்களிலிருந்து விடுவிக்கப்பட்ட மனிதர்களுக்கும் இதே கதி நேர்ந்ததை வைத்திய நூல்கள் கூறுகின்றன. ஆதலால் அவர்கள் தானியத்தை விலக்கி, உலர்புல்லைச் சிறிது சிறிதாக, இரவும் பகலும் பலமுறை பகிர்ந்து கொடுத்தார்கள். அன்பு என்பது அள்ளிக் கொடுப்பது மாத்திரமன்று. அளந்து கொடுப்பதுமாகும் என்பதை அன்று அறிந்தேன்.

உடல் தேறியபின் டேசி சென்ற புரட்டாதியிலே என் மகள் வீட்டுக்கு வந்தது. தத்துக் கொடுப்பது என்று பேச்சுக்குச் சொன்னாலும், உரிமை தாபனத்திடமே இருக்கும். விற்கக் கூடாது, குட்டி ஈனவைக்கக் கூடாது, தாபனத்தார் அவ்வப்போது வந்து பார்ப்பர், பராமரிப்பில் குறைகண்டால் அழைத்துச் சென்றுவிடுவர். குதிரை கூட்டமாக வாழும் இனமாதலால் தனியே வைத்தலும் ஆகாது. அடுத்த வீட்டாரின் கிழட்டு மட்டக்குதிரையொன்று அதற்குத் துணை. அந்நாட்டிலே குதிரை ஒவ்வொன்றுக்கும் கடவுச்சீட்டு இருக்க வேண்டுமென்பதும் சட்டம். டேசியின் கடவுச்சீட்டை மருமகன் எடுத்துக் காட்டினார். நுழைவு அனுமதிக்காகக் கொழும்பிலே நான் பட்ட பாட்டை நினைத்து, “தம்பி, இதற்கு எத்தனை கிழமையிலே கிடைத்தது?” என்று கேட்டேன். வீட்டார் சிரித்தார்கள்.

இனி எங்கள் அன்றாட வாழ்வைச் சொல்கிறேன். மார்கழி மாதத்திலே அவ்வூரிற் காலை 8 மணியளவிற்றான் கதிரவன் முகங்காட்டும். பிற்பகல் 4 மணிக்கு முன்னரே மறைந்துவிடும். ஆறு மணிக்கு எழுந்து, நெற்றியிலே விளக்கைக் கட்டிக்கொண்டு, இரண்டு கம்பளிச் சட்டைகளுக்கு மேல் மருமகனின் பழைய மேலங்கியையும் மாட்டிக்கொண்டு, பேர்த்தியின் பின்னே நடப்பேன். காலடியிலே புல் உறைந்து நொறுங்கும். எங்கள் ஊரிலே திருவெம்பாவைக் காலத்தில் விடியுமுன் சங்கும் சேமக்கலமும் ஒலிக்க வீதிவழியே போன சிறுபிராயம் நினைவுக்கு வரும். அங்கே பனி இலையில் துளியாய் நிற்கும். இங்கே கண்ணாடியாய் ஒட்டியிருக்கும். இருள் மாத்திரம் இரண்டு ஊரிலும் ஒன்றே.

முதல் வேலை தண்ணீர். தொட்டியின் மேலே விரலளவு தடித்த பனிக்கட்டி படர்ந்திருக்கும். அதனைச் சுத்தியலால் உடைத்து, துண்டுகளை வெளியே அள்ளி, வீட்டிலிருந்து கொண்டுவந்த வெந்நீரைக் கலப்போம். குதிரைக்கு நாளொன்றுக்குச் சுமார் 25 லீற்றருக்கு மேல் தண்ணீர் வேண்டும். கடுங்குளிர் நீரை அது போதியளவு குடிப்பதில்லை. உலர்புல்லைத் தின்று நீர் குடியாதிருப்பின் குடலிலே உணவு இறுகி அடைத்துவிடும். குதிரையால் வாந்தியெடுக்கவும் இயலாது. பனிக்காலத்திலே குதிரைகள் வயிற்றுவலியால் மாள்வதற்கு இதுவும் ஒரு காரணம். பனிக்குப் பயந்து போர்வை தேடுகிறோம். அங்கே உயிர் தண்ணீர் வாளியில் இருக்கிறது.

அடுத்தது தீனி. டேசியின் நிறை ஏறக்குறைய 440 கிலோ. நிறையின் நூற்றில் இரண்டு பங்கு என்ற கணக்கிலே நாளொன்றுக்கு 9 கிலோ அளவில் உலர்புல் வேண்டும். குதிரையின் இரைப்பை அதன் உடலோடு ஒப்பிட மிகச் சிறியது. பசுவைப்போல ஒரே மூச்சில் மேய்ந்துவிட்டுப் படுத்து அசைபோடும் வசதி அதற்கில்லை. நாளின் பெரும்பகுதியைச் சிறுகச் சிறுக மென்றே கழிக்கப் படைக்கப்பட்ட பிராணி அது. ஆதலால் புல்லைச் சிறுகண் வலையிலே திணித்துத் தொங்கவிடுவார்கள். இழுத்து இழுத்துத் தின்ன நேரமெடுக்கும். இன்னொரு நுட்பமும் உண்டு. தின்ற நார்ப்பொருள் குதிரையின் பெருங்குடலிலே நுண்ணுயிர்களால் நொதிக்கும்போது வெப்பம் பிறக்கிறது. குளிர் கூடிய இரவிலே தானியத்தைக் காட்டிலும் ஒரு வலை புல் மேலதிகமாகக் கொடுப்பதே மேலானது. குதிரைக்கு அடுப்பு வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. நாம் விறகு போட்டால் போதும்.

குளிரைப் பற்றிய என் எண்ணம் முழுதும் பிழையென்று விரைவிலே தெரிந்தது. ஒருநாள் காலையில் மெல்லிய பனித்தூவல் விழுந்திருந்தது. டேசி போர்வையின்றி வெளியே நிற்க, அதன் முதுகிலே பனி வெண்துகிலாய்ப் படிந்திருந்தது. “ஐயோ, பாவம் குளிருமே,” என்று நான் பதறினேன். பேர்த்தி என் கையுறையைக் கழற்றச் சொல்லி, என் விரல்களை அந்த மயிரின் அடியிலே நுழைத்தாள். உள்ளே அடுப்பங்கரைபோல் இளஞ்சூடு! முதுகிலே பனி உருகாது கிடப்பதே உடற்சூடு வெளியேறவில்லை என்பதற்குச் சாட்சி. பகற்பொழுது குறுகத் தொடங்கியதும் குதிரைக்குப் பனிக்கால மயிர் தானே அடர்ந்து வளர்கிறது. வறண்ட குளிரை அது எளிதாகப் பொறுக்கும். மழையும் காற்றும் சேர்ந்து மயிரை நனைத்து ஒட்டச் செய்யும்போதுதான் ஆபத்து. அவ்வேளையிலே நீர் புகாத போர்வையும் லாயமும் வேண்டும்.

பின்பு குளம்புகளைச் சுத்தம் செய்தல். காலைத் தூக்கி, கொக்கிபோன்ற இரும்பினாற் சேற்றையும் இறுகிய பனியையும் தோண்டி எடுக்க வேண்டும். ஈரச் சேற்றிலே நின்றுகொண்டிருந்தால் குளம்பின் நடுவேயுள்ள மென்பகுதி அழுகத் தொடங்கும். டேசி வந்த புதிதிற் காலைத் தொடவே விடாதாம். இப்போது பேர்த்தி தோளிலிருந்து கீழே கையை மெல்ல நகர்த்திக் கொண்டுபோனால் தானே காலை உயர்த்துகிறது. ஆறு தொடக்கம் எட்டு வாரங்களுக்கொருமுறை லாடக்காரர் வந்து குளம்பைச் சீவுவார். நாள்தோறும் லாயத்திலிருந்து அள்ளும் சாணம் சுமார் 20 கிலோ. அதனை ஒற்றைச்சில்லுத் தள்ளுவண்டியிலே ஏற்றிக் குவியலிற் சேர்க்கும் பணியை நான் விரும்பி ஏற்றுக்கொண்டேன். மாட்டுச் சாணத்தோடு வளர்ந்தவனுக்கு அது புதிதன்று.

நான் டேசியை முதலிலே தொட்டது மூன்றாம் நாள். குதிரையின் கண்கள் தலையின் இருபுறத்தும் அமைந்துள்ளன. ஏறக்குறைய தன்னைச் சுற்றிலும் அது காணும். ஆனால் நேர்முன்னே மூக்கின் கீழும், நேர்பின்னே வாலின் பின்னும் அதற்குக் குருட்டிடங்கள். முன்னால் நேராகப் போனவனை ஒரு கணம் கண்டு மறுகணம் இழந்துவிடும். எனவே தோட்பக்கமாக, பேசிக்கொண்டே அணுக வேண்டும். “கையை விரிச்சு வையுங்கோ அம்மப்பா. விரலை மடக்கக் கூடாது,” என்று பேர்த்தி ஆசிரியையானாள், நான் மாணவனானேன். விரித்த உள்ளங்கையிலிருந்த கரற் துண்டை மயிர் முளைத்த அந்த மென்மையான உதடுகள் தடவி எடுத்தன. காதுகள் இரண்டும் என்னை நோக்கித் திரும்பின. அடுத்த கணம் வேலிக்கப்பால் யாரோ ஒருவர் தடியொன்றை நிலத்திலே ஊன்றும் ஓசை கேட்டது. டேசி தலையை வெட்டி எறிந்து மூலைக்குப் பாய்ந்தது. உடல் தேறிவிட்டது. ஆனால் எவனோ ஒருவன் ஓங்கிய தடி அதன் நினைவிலே இன்னும் தாழவில்லை.

இதைவிடப் பெரிய கவலையொன்று வீட்டாருக்கு இருந்தது. டேசி படுப்பதில்லை. குதிரைகள் நின்றபடியே உறங்கும் என்று நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். அது பாதி உண்மை. கால்மூட்டுகளைப் பூட்டிக்கொண்டு நின்றவாறே அவை கண்ணயரும். ஆனால் தசைகள் முற்றாகத் தளரும் ஆழ்ந்த உறக்கத்திற்கு நிலத்திலே படுத்தேயாக வேண்டும். நாளொன்றுக்குச் சிறுபொழுதேனும் அது கிட்டாவிடில், நின்ற நிலையில் உறக்கம் மேலிட்டு முன்னங்கால்கள் மடிந்து விழும். டேசியின் முன்கால் மூட்டுகளிலே அத்தகைய சிராய்ப்புகள் இருந்தன. மிருக வைத்தியர் வந்து பரிசோதித்து, மூட்டிலே நோய் எதுவுமில்லை என்றார். வேட்டையாடப்படும் இனமாகையால், தன்னைக் காவல் காக்க ஒருவர் உண்டென்ற நம்பிக்கை வந்தாலன்றிக் குதிரை படுக்காது என்பது அவர் கூற்று. ஒவ்வொரு காலையிலும் லாயத்துக் கதவைத் திறந்ததும் என் மகள் முதலில் வைக்கோற்படுக்கையையே பார்ப்பாள். விரித்தது விரித்தபடியே இருக்கும்.

அந்த நோர்போக் மண்ணிலேதான் 1820ஆம் ஆண்டிலே, கிரேட் யார்மத் என்னும் துறைமுகப் பட்டினத்தில் அன்னா சீவெல் என்ற பெண்மணி பிறந்தார். சிறுவயதிலே காலில் அடிபட்டு, வாழ்நாள் முழுவதும் நன்கு நடக்க இயலாதவராய், குதிரை வண்டியையே நம்பி வாழ்ந்தவர். நோரிச் நகருக்கு அண்மையில், நோய்ப்படுக்கையிலிருந்து சிறுகச் சிறுக அவர் எழுதிய ஒரே நாவல் ‘பிளாக் பியூட்டி’. குதிரையொன்று தன் கதையைத் தானே கூறுவதாக அமைந்த அந்நூல் 1877இலே வெளிவந்தது. அடுத்த ஆண்டிலேயே ஆசிரியை காலமானார். அழகுக்காகக் குதிரையின் தலையை நிமிர்த்திக் கட்டும் வாரின் கொடுமையை அந்நூல் உலகறியச் செய்தது. தன் காலால் நடக்க முடியாதவரே தன்னைச் சுமந்தவற்றின் வேதனையை அறிந்து எழுதினார். பகல் பன்னிரண்டு மணிக்கு லாயத்தின் முன்னே கிடைக்கும் சிறு வெயிலில் அமர்ந்து பேர்த்தி அதை வாசிக்க, நான் கேட்டிருந்தேன்.

“எங்கட ஊரிலே குதிரை இல்லையோ?” என்று ஒருநாள் அவள் கேட்டாள். நெடுந்தீவைப் பற்றிச் சொன்னேன். குறிகட்டுவான் துறையிலிருந்து ஏறக்குறைய ஒரு மணிநேரப் படகுப் பயணம். பவளப்பாறைக் கற்களை அடுக்கிய வேலிகள்; வெட்டவெளிகள்; ஒல்லாந்தர் காலத்துக் குதிரை லாயமென்று காட்டப்படும் கற்றூண்கள். ஐரோப்பியர் கொண்டுவந்து வளர்த்துக் கைவிட்டுப்போன குதிரைகளின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே எவருக்கும் உரிமையின்றிக் கட்டாக்காலியாய்த் திரிகின்றன. கோடையிலே குளங்கள் வற்றும்போது அவை நீரின்றி மடிவதும் உண்டு. “அப்ப அங்கேயும் தண்ணிதான் பிரச்சினை,” என்றாள் அவள். ஆம், இங்கே உறைந்து போகிறது, அங்கே வற்றிப் போகிறது. கைவிடப்பட்ட பிராணிக்கு இரண்டும் ஒன்றே.

அதைக் கேட்டதும் என் உள்ளத்திலே பல ஆண்டுகளாக மூடிவைத்திருந்த ஒன்று அசைந்தது. அதைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடித்தல் நேர்மையாகாது.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு. வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவிலே வீடுவாசல்களை விட்டுத் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தார்கள். மழை பெய்துகொண்டிருந்தது. நாவற்குழிப் பாலத்தை நோக்கிய வீதியிலே கால்வைக்க இடமில்லை. நான் என் முதிய தாயாரைத் துவிச்சக்கரவண்டியில் இருத்தி உருட்டிக்கொண்டு போனேன். மனைவி சிறுமியாக இருந்த மகளை அழைத்துவந்தாள். புறப்படுமுன் மாட்டுக்கொட்டிலுக்கு ஓடினேன். சிவப்பி என்று ஒரு பசு. கன்றீன்று ஒரு மாதம். கயிற்றை அவிழ்த்தேன்; கன்றின் கயிற்றையும் அவிழ்த்தேன்; படலையைத் திறந்துவிட்டேன். “போ, எங்கையாவது மேய்ஞ்சு பிழைச்சுக்கொள்,” என்று சொன்னேன். அது போகவில்லை. நான் படலைக்கு வெளியே வந்து திரும்பிப் பார்த்தபோது கொட்டில் வாசலிலே நின்று என்னையே பார்த்தது. மறு ஆண்டு சித்திரைக்குப் பின் திரும்பி வந்தபோது கொட்டிலுமில்லை, பசுவுமில்லை. கட்டுத்தறி மாத்திரம் நின்றது. ஆயிரமாயிரம் மனிதர் துன்பத்தின் நடுவே ஒரு பசுவுக்காக அழுதல் வெட்கமென்று எண்ணி, அதை யாரிடமும் நான் பேசியதில்லை. கயிற்றை அவிழ்த்தேனே, என் கடமை தீர்ந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நத்தார் தினம் வந்தது. ஊரெங்கும் கதவடைத்து விருந்துண்ணும் நாள். குதிரைக்கு விடுமுறை ஏது? அன்றும் ஆறு மணிக்கே எழுந்தோம், பனிக்கட்டியை உடைத்தோம், புல் வைத்தோம், சாணம் அள்ளினோம். நிறைநாடாவை மார்பைச் சுற்றிப் பிடித்து நிறை குறையவில்லை என்று பார்த்துக் குறிப்பேட்டிலே எழுதினோம். மருத்துவமனையில் இரவுக் கடமை முடித்து வந்த மகள், உடை மாற்றாமலே லாயத்துக்கு வந்து, வைக்கோற்படுக்கையை நோக்கி, ஒன்றும் சொல்லாது திரும்பினாள்.

மார்கழி 31ஆந் திகதி இரவு புத்தாண்டை வரவேற்க வாணவேடிக்கை நடக்கும் என்று மருமகன் முன்னரே எச்சரித்தார். லாயத்திலே விளக்கெரியவிட்டு, வானொலியை மெல்லப் பாடவிட்டு, இரண்டு வலை நிறையப் புல் தொங்கவிட்டோம். பன்னிரண்டு மணிக்கு முதல் வெடி அதிர்ந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? என்னையறியாமலே சுவரோரமாகக் குந்திவிட்டேன். இரு கைகளும் தலையை மூடிக்கொண்டன. முப்பது ஆண்டு முந்திய பழக்கம் உடலைவிட்டுப் போகவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். டேசி வெள்ளை விழி தெரிய, நாசி விரிய, வியர்வை வழிய லாயத்தினுள்ளே சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. நான் கதவின் தாழிலே கைவைத்தேன். “உள்ளே போகாதேங்கோ அம்மப்பா! பயந்த குதிரைக்கு நீங்கள் நிக்கிறது தெரியாது. இடிச்சுப்போடும். வெளியிலே நிண்டு கதையுங்கோ,” என்று பேர்த்தி என் கையைப் பற்றினாள்.

கதைத்தேன். ஆங்கிலம் நாவிலே வரவில்லை. கொட்டிலிலே மாட்டோடு பேசும் எங்கள் ஊர்ப் பேச்சுத்தான் வந்தது. “ஏ... ஏ... நில்லம்மா, நில்லு. ஒண்டுமில்லை. நான் நிக்கிறன். போகமாட்டன்.” எத்தனை முறை சொன்னேனோ தெரியாது. டேசிக்குச் சொன்னேனா, சிவப்பிக்குச் சொன்னேனா என்பதும் தெரியாது. அரைமணி நேரத்தில் வெடியோசை ஓய்ந்தது. சுற்றல் தளர்ந்து, தலை தாழ்ந்து, டேசி அரைக்கதவின் மேலாக மூக்கை நீட்டி, என் மேலங்கியின்மீது வெப்பமான மூச்சை விட்டது. வியர்வையிலே குளிர் பிடித்தால் ஆபத்தென்று பேர்த்தி உள்ளே சென்று வைக்கோற் கற்றையால் அதன் உடலைத் தேய்த்து, ஈரம் உறிஞ்சும் கம்பளியைப் போர்த்தாள். நான் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, இரண்டு மணி வரையும் கதவருகிலேயே இருந்தேன். வீட்டார் வந்து அழைத்தபோது, “இன்னும் சற்று நேரம்,” என்றேன்.

நான் புறப்படுவதற்கு முந்திய நாள், தைமாதம் 4ஆந் திகதி. வழமைபோல இருளிலே லாயத்துக்குப் போனோம். பேர்த்தி நெற்றிவிளக்கின் ஒளியை உள்ளே பாய்ச்சினாள், அப்படியே நின்றுவிட்டாள். டேசி நின்றுகொண்டுதானிருந்தது. ஆனால் அதன் இடப்பக்க விலாவிலும் பிடரிமயிரிலும் வைக்கோற் துரும்புகள் ஒட்டியிருந்தன. படுக்கையின் நடுவே, பெரிய கூடையொன்றை அழுத்தி எடுத்தாற்போல, ஒரு பள்ளம். பேர்த்தி ஓடிப்போய்த் தாயை எழுப்பி வந்தாள். மகள் அந்தப் பள்ளத்திலே கையை வைத்துப் பார்த்தாள். “இன்னும் சூடு இருக்கு,” என்றாள்.

என் பேச்சினால்தான் அது படுத்தது என்று சொல்ல நான் துணியேன். நாலு மாதம் அவர்கள் தவறாது வைத்த புல்லும் தண்ணீருமே அந்த நம்பிக்கையைக் கட்டியெழுப்பின. நான் ஈரிரு வாரம் வந்துபோன விருந்தாளி. ஆயினும் ஒன்றை அந்த லாயத்திலே கற்றுக்கொண்டேன். பிராணியின்பால் அன்பு என்பது உள்ளத்தின் கனிவு மாத்திரமன்று. விடியல் ஆறு மணியும், உடைத்த பனிக்கட்டியும், அளந்த புல்லுமே அதன் உருவம். நேற்று வைத்தோம் என்று இன்று விட முடியாது. திருநாள் என்றும் விட முடியாது. கயிற்றைப் பிடித்தவனுக்கு அதை அவிழ்த்துவிட்டு ஆறுதலடையும் உரிமை, வேறு வழியே அற்ற இரவிலன்றி இல்லை. எனக்கு அன்று வேறு வழி இருக்கவில்லை என்பதை இப்போது ஏற்றுக்கொள்கிறேன். அது என் கடமையின் முடிவன்று என்பதையும் ஏற்றுக்கொள்கிறேன்.

யாழ்ப்பாணத்து முன்னோர் வழிப்போக்கருக்காகச் சுமைதாங்கியும், மாடுகள் உடல் உரோஞ்ச ஆவுரோஞ்சிக் கல்லும், அருகிலே தண்ணீர்த் தொட்டியும் அமைத்து வைத்தார்கள். உரிமையாளர் யாரென்று கேளாமல் நீர் கொடுத்த அறம் அது. எங்கள் ஒழுங்கை முடக்கிலும் அப்படியொரு தொட்டி உண்டு. பல ஆண்டுகளாகக் குப்பை நிறைந்து கிடந்தது. ஊர் திரும்பிய மறுகிழமை அதைத் துப்புரவாக்கி, வெடிப்புக்குச் சீமெந்து பூசினேன். இப்போது நாள்தோறும் காலை ஆறு மணிக்குக் கிணற்றிலிருந்து பத்து வாளி தண்ணீர் சுமந்து ஊற்றுகிறேன். கட்டாக்காலி மாடுகள் வருகின்றன, குடிக்கின்றன, போகின்றன. அவற்றுள் சிவப்பு நிறத்துப் பசு ஒன்றும் உண்டு. அது யாருடையதென்று நான் இதுவரை விசாரிக்கவில்லை.